பாப்பரசர் மாளிகை முன்னால் எங்கள் ஊர்வலம்

பிரான்சின் தெற்கே அவிஞ்ஞோன் என்றொரு பழைய பட்டணம் இருக்கிறது. அங்கே என்னை நாடக நடிகை என்று நம்பிக் கைதட்டியவர்கள் நூறு பேராவது இருப்பார்கள். அப்போது எனக்குப் பத்து வயது. யாழ்ப்பாணத்து உடுவிலில் பள்ளிக்கூட மேடையில் ஏற்றிவிட்டால் வாயே திறக்காத பிள்ளை நான். நல்லகாலமாக அன்று வாய் திறக்க வேண்டிய தேவை வரவில்லை.

மாமா, அதாவது அம்மாவின் அண்ணன், அந்தப் பட்டணத்தில் ஒரு சாப்பாட்டுக் கடைக் குசினியில் வேலை செய்தார். எங்கள் ஆட்கள் எல்லோரும் பாரிசில் கிடக்க நீங்கள் மட்டும் ஏன் இவ்வளவு தூரம் வந்தீர்கள் என்று கேட்டால், வெயிலைக் காட்டுவார். அவருடைய ஒரே மகள், என் மச்சாள், பெரியவளானாள். சாமத்தியவீட்டுச் சடங்கைக் கோடை விடுமுறைக்குத் தள்ளி வைத்துவிட்டு, ஆராத்தி எடுக்கத் தன் தங்கச்சி ஊரிலிருந்து வந்தே தீரவேண்டும் என்று மாமா ஒற்றைக்காலில் நின்றார். ஒரு மாத விசாவில் அம்மாவும் நானும் போனோம். அப்பா வெங்காயத் தோட்டத்தோடு நின்றுவிட்டார். எனக்கு அது பள்ளிக்கூடம் நடக்கிற காலம். அதைப் பற்றி வீட்டில் ஒருவரும் கவலைப்படவில்லை, நான் அறவே கவலைப்படவில்லை.

பட்டணத்தைச் சுற்றி ஒரு கல்மதில் முழுதாக நிற்கிறது. உள்ளே, ஒரு காலத்தில் கத்தோலிக்கப் பாப்பரசர்கள் குடியிருந்த மாளிகை. மாளிகை என்றுதான் சொல்கிறார்கள், பார்த்தால் கோட்டை. மதிலுக்கு வெளியே ஆற்றில் பாதியோடு நின்றுபோன ஒரு பாலம் இருக்கிறது. போய் இறங்கிய மறுநாள் மாமா அதைக் காட்டக் கூட்டிக்கொண்டு போனார்.

"உதுக்கு ஆர் குண்டு போட்டது?" என்று கேட்டேன். உடைந்து நிற்கிற எதற்கும் அந்த வயதில் எனக்குத் தெரிந்த காரணம் அது ஒன்றுதான்.

"ஒருத்தரும் போடேல்லை, பிள்ளை. ஆறு கொண்டுபோட்டுது," என்றார் மாமா, சிரிக்காமல்.

மச்சாள் என்னைவிட மூன்று வயது மூத்தவள். தமிழ் நன்றாகவே கதைப்பாள், ஆனால் அளந்துதான் கதைப்பாள். சாமத்தியவீட்டைப் பற்றித் தன் பள்ளிக்கூடத்தில் ஒருவருக்கும் அவள் மூச்சு விடவில்லை. தெரிந்தால் வகுப்பே தன்னை வைத்துச் சிரிக்கும் என்ற பயம் அவளுக்கு. எனக்கு அது பிடிபடவே இல்லை. பட்டுச்சேலை, ஒட்டியாணம், ராசாத்தி மாதிரி உட்கார ஒரு தங்க நிறக் கதிரை என்று எல்லாம் எனக்குக் கிடைக்குமென்றால், நான் மருதனார்மடச் சந்தையில் நின்று ஊருக்கே அறிவித்திருப்பேன். எனக்கு அவள்மேல் பொறாமையாக இருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

பாரிசிலிருந்து வந்த படப்பிடிப்பாளர், பாப்பரசர் மாளிகை முன்னால் ஊர்வலமாக நடந்து வருவதுபோல் எடுத்தால் அல்பம் வடிவாக வரும் என்று மாமியின் தலையில் ஏற்றிவிட்டார். மச்சாள் கடைசியில் ஒரு நிபந்தனையோடு இறங்கி வந்தாள்.

"விடிய ஏழு மணிக்கெண்டால் வாறன். என்ரை வகுப்புப் பிள்ளையள் ஆரும் என்னைப் பாத்திட்டினமெண்டால், சனிக்கிழமை நான் மண்டபத்துக்கு வரமாட்டன்."

சொன்னால் செய்வாள். பிடிவாதத்தில் அவள் மாமாவை உரித்து வைத்தவள். மண்டபம் எடுத்தாயிற்று, லண்டனிலிருந்தும் கனடாவிலிருந்தும் சொந்தக்காரர் புறப்பட்டாயிற்று, அம்மா கடல் தாண்டி வந்தாயிற்று. மாமி அவசரமாக ஓம் ஓம் என்று தலையாட்டினார்.

ஆனால் அலங்காரம் செய்ய வந்த பெண் கொண்டைக்கே இரண்டு மணித்தியாலம் எடுத்தாள். படப்பிடிப்பாளர் வந்து சேர்ந்தது ஒன்பது மணிக்கு. நாங்கள் மதிலுக்குள் நுழைந்தபோது பதினொன்று.

அது யூலை மாதம். யூலையில் அந்தப் பட்டணமே நாடகத் திருவிழா. விளக்குக் கம்பம், வேலி, யன்னல் என்று கை எட்டிய இடமெல்லாம் நாடக விளம்பரம் தொங்கும். நடிகர்கள் வேசத்தோடேயே தெருவில் திரிந்து, ஆட்களுக்குத் துண்டுப் பிரசுரம் கொடுத்துத் தங்கள் நாடகத்துக்கு வரச் சொல்லுவார்கள். இவ்வளவு வருடம் அங்கே இருந்தும் மாமா இதைக் கண்டதில்லை. அந்த மாதம் முழுவதும் அவர் குசினிக்குள் சட்டி பானையோடு நிற்பவர்.

படப்பிடிப்பாளர் எங்களை வரிசைப்படுத்தினார். முன்னால் பயத்தம் பணியாரத் தட்டத்துடன் நான். பக்கத்தில் பூந்தட்டத்துடன் அம்மா. பின்னால் மச்சாள். அவள் தலைக்குமேல் சரிகைக் குடையைப் பிடித்தபடி வேட்டி சால்வையில் மாமா. மாமி எல்லாருக்கும் பின்னால் நின்று எல்லாரையும் ஏவிக்கொண்டு வந்தார். முற்றத்தில் பொய்க்கால் கட்டிய இரண்டு பேர் நடந்து போனார்கள். உடம்பு முழுக்க வெள்ளி பூசிய ஒருவர் அசையாமல் நின்றார். கோழி வேசம் போட்ட ஒரு பெண் எங்களைக் கண்டதும் விலகி வழிவிட்டுக் குனிந்து வணங்கினாள். கூட்டம் திரும்பிப் பார்த்தது. பிறகு கைதட்டத் தொடங்கியது.

கைதட்டினவர்கள் கையை நீட்டிக்கொண்டு கிட்ட வந்தார்கள். அவர்கள் கேட்டது நாடகத் துண்டுப் பிரசுரம். அம்மாவுக்கு அது எப்படித் தெரியும்? ஊரில் தட்டத்துக்கு முன்னால் ஒருவர் கை நீட்டினால் என்ன செய்வோமோ, அதையே அவர் செய்தார். என் தட்டத்திலிருந்து பணியாரத்தை எடுத்து நீட்டின கைகளில் ஒவ்வொன்றாக வைத்தார்.

"பாவங்கள், பசியோடை நிக்குதுகள் போலை," என்றார்.

வாங்கினவர்கள் கடித்துப் பார்த்துவிட்டு மற்றவர்களையும் கூப்பிட்டார்கள். எனக்கு அழுகை வராத குறை. அம்மா இரண்டு நாள் அடுப்படியில் நின்று சுட்ட பணியாரம் அது, முன்பின் தெரியாத சனம் கண்முன்னே தின்று தீர்க்கிறது.

அப்போது கூட்டத்துக்குள்ளிருந்து ஒரு பிள்ளை மச்சாளின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது. செம்பட்டைத் தலைமயிர், மூக்கெல்லாம் புள்ளி. மச்சாளின் முகத்தைப் பார்த்தே அவள் வகுப்புப் பிள்ளை என்று தெரிந்துவிட்டது. "முருகா" என்று மாமி பின்னால் முனகியது எனக்குக் கேட்டது. செம்பட்டைப் பிள்ளை பிரெஞ்சில் ஏதோ கேட்டாள். மச்சாள் வாயைத் திறந்தாள், திரும்ப மூடினாள். பிறகு பேசினாள். பேசும்போது அம்மாவைக் காட்டினாள், என்னைக் காட்டினாள், குடையைக் காட்டினாள். அந்தப் பிள்ளை கண்ணை அகல விரித்துச் சிரித்தது. மச்சாளும் சிரித்தாள். பிறகு எங்கள் பக்கம் திரும்பினாள்.

"நடவுங்கோ. படம் எடுப்பம்."

அதற்குப் பிறகு அவள் நடந்த நடையைப் பார்க்க வேண்டுமே! அல்பத்தில் நல்ல படங்கள் எல்லாம் அந்த நேரத்துக்குப் பிறகு எடுத்தவைதான்.

"நாடகம் எண்டு சொல்லித் தப்பிட்டாள், கெட்டிக்காரி," என்று மாமி வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் சொல்லிச் சொல்லிச் சந்தோசப்பட்டார். எனக்கோ ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. அம்மா கடல் தாண்டி வந்தது நாடகம் போடவா? அன்று படுக்கும்போது சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு, "நாங்கள் என்ன நாடகக்காரரோ?" என்று கேட்டேன்.

"உனக்கு ஒண்டும் தெரியாது. சனிக்கிழமை பார்," என்றாள் மச்சாள். இரண்டு நாள் அவளோடு நான் கதைக்கவில்லை.

சனிக்கிழமை பகல் மண்டபத்து வாசலில் என்னைப் பன்னீர்ச் செம்போடு நிறுத்தியிருந்தார்கள். மேடையில் மச்சாள் கதிரையில் இருந்தாள், அம்மா ஆராத்தித் தட்டத்தைக் கையில் எடுத்துவிட்டார். அந்த நேரம் பார்த்துச் செம்பட்டைப் பிள்ளை, தன் தாயோடும் இன்னும் மூன்று பிள்ளைகளோடும் வாசலுக்கு வந்து நின்றாள். எனக்கு உடனே விளங்கிவிட்டது. பாவம், நாடகம் பார்க்க வந்திருக்கிறார்கள். பன்னீர்ச் செம்பைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கையையும் விரித்து வாசலை மறித்தேன்.

"நாடகம் இல்லை! நோ நாடகம்!"

அவர்கள் சிரித்தபடி பொஞ்சூர் என்றார்கள். நான் இன்னும் உரக்கக் கத்தினேன். மண்டபம் முழுக்கத் திரும்பியது. மேடையில் மச்சாள் எழும்பினாள்.

"எடி பிள்ளை, எழும்பாதை! நேரம் போகுது!" என்று மாமி அலறினார்.

அவள் காதில் அது விழவில்லை. கொலுசு சத்தமிடப் படியிறங்கி வந்து, வாசலில் விரித்திருந்த என் கையை மடக்கிவிட்டு, அந்தப் பிள்ளையின் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் முன்வரிசையில் இருத்தினாள். மற்றவர்களும் பின்னால் போனார்கள். அதற்குப் பிறகுதான் மேடைக்குத் திரும்பிப் போனாள். அம்மா அதுவரை தட்டத்தில் திரி அணையாமல் பிடித்துக்கொண்டு நின்றார்.

வந்தவர்கள் எங்களோடு பந்தியில் இருந்து சோறு தின்று, உறைப்பில் கண்ணீர் விட்டு, மிச்சப் பணியாரத்தையும் கட்டிக்கொண்டு போனார்கள். நாடகம் என்று ஏமாந்து வந்தவர்களை வெறுங்கையோடு அனுப்பாமல் சாப்பாடும் கொடுத்தாளே என்று மச்சாள்மேல் எனக்கிருந்த கோபம் இறங்கியது. அன்றே அவளை மன்னித்துவிட்டேன்.

போன வருடம் மச்சாள் உடுவிலுக்கு வந்தபோது, படப்பிடிப்பாளர் அல்பத்தோடு தந்த வீடியோவை அம்மாவோடு இருந்து போட்டுப் பார்த்தோம். மாளிகை முற்றத்துக் காட்சி வந்தது. இரைச்சலுக்குள் அவள் குரல் தெளிவாகக் கேட்டது. என்ன கதைக்கிறாய் என்று கேட்டேன்.

"என்ன நாடகம், எத்தினை மணிக்கு எண்டு அவள் கேட்டவள். நாடகமில்லை, இவை என்ரை ஆக்கள், எனக்காக யாழ்ப்பாணத்திலை இருந்து வந்திருக்கினம், நீயும் சனிக்கிழமை வா எண்டு சொன்னனான்," என்றாள் மச்சாள்.

இத்தனை வருடமாக நான் அவளுக்குக் கொடுத்து வைத்திருந்த மன்னிப்பை எங்கே கொண்டுபோய் வைப்பது?

பிறகு மச்சாள் என் அம்மாவின் பக்கம் திரும்பினாள். "உண்மையிலை நாடகம் எண்டு சொல்லத்தான் வாய் திறந்தனான், மாமி. அதுக்குள்ளை நீங்கள் அவளின்ரை கன்னத்தைத் தடவி, வாயிலை பணியாரத்தை வைச்சிட்டியள். அவளும் உங்களைப் பாத்துச் சிரிச்சுக்கொண்டு தின்னுறாள். பேந்து நான் என்னண்டு பொய் சொல்லுறது?"

சொல்லிவிட்டு வீடியோவைப் பின்னுக்கு ஓட்டி, அந்த இடத்தில் நிறுத்தினாள். செம்பட்டைப் பிள்ளை வாயைத் திறந்துகொண்டு நிற்கிறாள். அம்மா குனிந்து பணியாரத்தை நீட்டுகிறார். அவருடைய முழங்கையில் பத்து வயதுப் பிள்ளை ஒன்று தொங்கிக்கொண்டு, கொடுக்க விடாமல் அந்தக் கையைத் தன் பலமெல்லாம் சேர்த்துப் பின்னால் இழுக்கிறது.