இரண்டு டிவிக்கு நடுவே ஒரு டிரைவர்

எங்கள் கடையின் முதல் மாடியில் நாற்பத்திரண்டு டிவிகள் சுவரில் தொங்குகின்றன. அத்தனையிலும் ஒரே கிளி, ஒரே மரத்திலிருந்து, ஒரே நேரத்தில் பறக்கும். காலை பத்து மணியிலிருந்து கடை மூடும்வரை அந்தக் கிளிகளுக்கு நடுவே நிற்கிறவளை எல்லோரும் டிவி அக்கா என்போம். நான் பக்கத்துப் பகுதி. வாஷிங் மெஷின் விற்கிறேன், கடையில் என் பெயரும் அதுதான். "ஏ வாஷிங் மெஷின், சாப்பிட வரியா?" என்று அவள் கூப்பிட்டால் சாமான் வாங்க வந்திருப்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள்.

பதினாறு வருடமாக டிவி விற்கிற இவள், வீட்டில் டிவி பார்ப்பதே இல்லை. பார்ப்பதில்லை என்றால் அதன் பக்கம் முகத்தைக்கூடத் திருப்புவதில்லை. சாப்பிடும்போதும் முதுகைக் காட்டித்தான் உட்காருவாள். "கண்ணுக்கும் லீவு வேணாமாடி?" என்பாள். இதைப் பத்துப் பேரிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

அவள் வீட்டுக்காரர் பஸ் டிரைவர். இருபத்தாறு வருடம் ஒரு சின்னக் கீறல் இல்லை. நான்கு மாதத்துக்கு முன்னால் ஒரு திருப்பத்தில், ஓரமாக நின்றிருந்த காரை பஸ்ஸின் இடது பக்கத்தால் உரசி, அதன் கதவை உரித்து எடுத்துவிட்டார். காரில் யாரும் இல்லை. டிப்போவில் வண்டியைப் பிடுங்கிவிட்டார்கள். வருகிற பத்தாம் தேதி டிப்போ மைதானத்தில் அதிகாரிகள் முன்னால் ஓட்டிக் காட்ட வேண்டும் என்று கடிதம் வந்திருந்தது. தேறினால் மறுபடியும் ஸ்டியரிங். தவறினால் பேப்பர் கட்டுகளுக்கு நடுவே ஒரு நாற்காலி. "அந்த ரூம்ல உக்காந்து மூச்சு விடறதுக்கு வீட்லயே கிடக்கலாம்," என்றார். இருபத்தாறு வருடமாக அவருக்கு ஊரில் இருந்த ஒரே மரியாதை அந்த ஸ்டியரிங்தான்; அது எல்லோருக்கும் தெரியும்.

அதற்குப் பிறகு அந்த வீடு மரத்துப்போனது. சண்டை இல்லை, பேச்சும் இல்லை. கேட்டால் கிணற்றில் போட்ட கல் மாதிரி இருப்பார். அக்காவும் அப்படித்தான் ஆனாள். கடையில் வாய் ஓயாமல் பேசுகிறவள், சாப்பாட்டு நேரத்தில் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருப்பாள். "அழுதாவது தொலையேன்க்கா," என்று ஒருநாள் கத்திவிட்டேன். "அழுகை வரலையேடி, என்ன செய்ய?" என்றாள், பஸ் இன்னும் வரவில்லை என்று சொல்வதுபோல.

அவர்கள் மகள் வெளியூர் வேலைக்குப் போனபோது ஒரு கேம் பெட்டியை விட்டுப் போயிருந்தாள். அதில் பஸ் ஓட்டும் விளையாட்டு ஒன்று உண்டு. மேசையில் மாட்டுகிற பிளாஸ்டிக் ஸ்டியரிங் ஒன்றை வாங்கிவந்து, டிரைவர் காலையிலிருந்து மாலைவரை அதை ஓட்ட ஆரம்பித்தார். விளையாட்டுக்காக இல்லை, பத்தாம் தேதிக்காக. டிரைவர் சீட்டில் உட்காருவதுபோலவே முதுகை நிமிர்த்தி, செருப்பைக் கழற்றாமல் உட்காருவார்.

ஆனால் வண்டி இடிக்கும். எப்போதும் இடது பக்கம். கம்பம், நடைபாதை, நிழற்குடை, எதுவானாலும்.

"இந்த டிவியில இடது மூலை மங்குது," என்றார் ஒருநாள். நானும் அங்கே இருந்தேன். அக்கா சமையலறையில் தட்டு கழுவிக்கொண்டே, திரும்பாமலே, வைத்தியம் சொன்னாள்: "பின்னாடி எரியுற விளக்குப் பட்டை போயிருக்கும். ஆறு வருஷ டிவி, இடது ஓரத்துல இருந்துதான் போகும்."

"நான் திருப்பினா, கொஞ்சம் கழிச்சுத்தான் பஸ்ஸு திரும்புது."

"அதுல கேம் மோடு இல்லைங்க. படம் பாக்க வாங்கினது. கைக்கும் திரைக்கும் நடுவுல தாமதம் இருக்கத்தான் செய்யும்."

நான் சும்மா இருந்திருக்கலாம். என் வாய் எங்கே இருக்கும்? "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்ண்ணே," என்றேன். அவர் சிரிக்கவில்லை. அன்று சொன்னதை நினைத்தால் இன்றும் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

புது டிவி வாங்குவது என்று முடிவானது. பத்தாம் தேதிக்கு இரண்டு வாரம் இருந்தபோது, கடையில் ஈ ஓட்டுகிற ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், டிரைவர் ஒரு பையில் கேம் பெட்டியையும் ஸ்டியரிங்கையும் போட்டுக்கொண்டு மாடி ஏறி வந்தார். அக்கா இரண்டு டிவிகளைத் தேர்ந்து அடுத்தடுத்து வைத்திருந்தாள். இரண்டும் ஒரே அளவு, இரண்டும் நடுத்தர விலை. முதலாவதில் கறுப்பு கறுப்பாகவே இருக்கும். இருட்டுக் காட்சியில் முகம் தனியாகத் தெரியும். விளையாட்டுக்குக் கொஞ்சம் சோம்பேறி. இரண்டாவதில் கறுப்பு சாம்பல் பூசினாற்போல இருக்கும், ஆனால் கை அசைந்ததும் திரை அசையும்.

முதல் வேலையாக இரண்டையும் கடை மோடிலிருந்து வீட்டு மோடுக்கு மாற்றினாள். கடை மோடில் எல்லா டிவியும் கல்யாணப் பெண்தான். வீட்டுக்குப் போன பிறகுதான் சொந்த முகம் தெரியும். வாங்க வருகிறவர்களுக்கு அவள் இதைச் செய்து காட்டி நான் பார்த்ததில்லை.

ஸ்டியரிங்கை மாட்ட மேசை இல்லை. ஓடிப்போய் என் பகுதியிலிருந்து ஒரு வாஷிங் மெஷினை உருட்டிவந்தேன். அதன் மேல் விளிம்பில் ஸ்டியரிங்கை முடுக்கி, உயர ஸ்டூலில் அவரை உட்கார வைத்தோம். வாஷிங் மெஷினை ஓட்டுகிற ஒரே டிரைவர் உலகத்திலேயே இவர்தான் என்றேன். அக்காவின் உதடு லேசாக அசைந்தது.

முதல் டிவியில் ஓட்டினார். மூன்றாவது திருப்பத்தில் இடது பக்கம் கம்பத்தில் இடித்தது.

"பாத்தியா? லேட்டு."

"அதான் சொன்னேன். இப்ப இதைப் பாருங்க."

இரண்டாவது டிவியில் கேம் மோடைப் போட்டாள். ஸ்டியரிங்கையும் திரையையும் சேர்த்துத் தன் போனில் மெதுவோட்டப் படமாக எடுத்து, எனக்குக் காட்டினாள். கையும் பஸ்ஸும் ஒன்றாகத் திரும்பின. தாமதம் என்று சொல்ல எதுவும் இல்லை.

அதே திருப்பம். அதே கம்பம். இடித்தது. இன்னொரு தடவை ஓட்டினார். மறுபடியும் இடித்தது.

"இதுலயும் இடது மூலை மங்குதே. ரெண்டும் ஒரே கம்பெனியா?"

அக்கா இரண்டு திரைகளின் இடது மூலைகளையும் மாறி மாறிப் பார்த்தாள். நானும் பார்த்தேன். நிழற்குடையில் ஒட்டியிருந்த விளம்பரத்தின் எழுத்துகூடப் பளிச்சென்று தெரிந்தது.

"எங்க போனா இவ?" என்று டிரைவர் என்னிடம் கேட்டார்.

அவள் எங்கேயும் போகவில்லை. அவருக்கு இடது பக்கம், ஒரு கை தூரத்தில், ரிமோட்டைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். அவரே கழுத்தை முழுக்கத் திருப்பினார். "இங்கயா நிக்கிற? சத்தமே காணோம்."

அக்காவின் குரல் கடையில் பேசுகிற குரலாகவே இருந்தது, ஏற்ற இறக்கம் இல்லாமல். "என்னங்க, டிவி நடுவுலயே பாருங்க. கண்ணைத் திருப்பக் கூடாது. என் கையில என்ன இருக்கு, சொல்லுங்க."

ரிமோட்டை நீட்டிப் பிடித்து ஆட்டினாள்.

"கையா? எங்க?" என்றார்.

எங்களைச் சுற்றி நாற்பது கிளிகள் பறந்தன. அக்கா கையைக் கீழே போட்டாள்.

"டிவியில கோளாறு இல்லைங்க."

"பழைய டிவியில?"

"அதுலயும் இருந்திருக்காது. நான்தான் ஒரு தடவைகூடத் திரும்பிப் பாக்கல."

இப்போதாவது அழுவாள் என்று காத்திருந்தேன். அழவில்லை. டிரைவர் திரையில் நின்றுகொண்டிருந்த பஸ்ஸைப் பார்த்தபடி இருந்தார். ஸ்டியரிங்கிலிருந்து கையை மட்டும் எடுக்கவில்லை.

"போன வருஷம் டிப்போவுல எழுத்தெல்லாம் படிக்கச் சொன்னாங்க. கடைசி வரி வரைக்கும் படிச்சேனே."

"நேரா இருந்ததைப் படிச்சீங்க."

"அந்தக் காரு என் கண்ணுல படவே இல்ல. சத்தம் கேட்டுத்தான் நிறுத்தினேன். கண்ணாடி சரியில்லன்னு எழுதிக் கொடுத்துட்டேன்." ஸ்டியரிங் விளிம்பைக் கட்டைவிரலால் தேய்த்தார். "அங்க காரு நின்னுச்சு. ஆளு நிக்கல, அவ்வளவுதான்."

தினமும் காலையில் பஸ் நிறுத்தத்தில், விளிம்பை ஒட்டி நிற்கிறவள் நான்.

"இன்னைக்கே கண்ணு டாக்டர்கிட்ட போயிடலாம்," என்றாள் அக்கா. "மிச்சம் இருக்கிற பார்வையையாவது காப்பாத்தணும்."

"போலாம். பத்தாம் தேதி முடியட்டும்."

"வேண்டாங்க."

"அது வெறும் மைதானம். ஒரு ஈ காக்கா நிக்காது. கண்ணை மூடிட்டு ஓட்டுவேன். பாஸாயிடுவேன்டி."

"ஆயிடுவீங்க," என்றாள் அக்கா. "அதுக்கு மறுநாள் ரோட்ல ஓட்டச் சொல்லுவாங்க."

அவர் அவளை நேராகப் பார்த்தார். நான்கு மாதத்தில் அவர்கள் ஒருவரையொருவர் அப்படிப் பார்த்து நான் கண்டதில்லை. பிறகு சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த டிப்போ கடிதத்தை எடுத்து நீட்டினார்.

"நீயே எழுதிடு," என்றார். "டிரைவர் வரமாட்டாருன்னு."