சகுந்தலா அக்காவின் பாதி போட்டோ

சகுந்தலா அக்கா இன்று காலை போய்விட்டார்.

ஆபீஸ் வாட்ஸ்ஆப் குரூப்பில் போட்டிருக்கிறார்கள்... "அன்பான மனைவி, பாசமான தாய், அதிர்ந்து பேசாதவர்." அதிர்ந்து பேசாதவராம். யாரைச் சொல்கிறார்கள் என்று இரண்டு முறை படித்துப் பார்த்தேன்.

அக்கா ஓட்டக்காரி. நானூறு மீட்டர். செகந்திராபாத்தில் எங்கள் தமிழ்க் குடும்பங்களிலிருந்து ஷார்ட்ஸ் போட்டு கிரவுண்டில் இறங்கிய முதல் பெண். தேசியப் போட்டியில் வெள்ளி வாங்கினார். அதற்காகத்தான் நாச்சாரத்தில் எங்கள் கம்பெனியில் வேலையே கொடுத்தார்கள். இதை எழுத குரூப்பில் ஒருவருக்கும் கை வரவில்லை.

நான் டெஸ்பாட்ச் செக்‌ஷனில் சேர்ந்தபோது பக்கத்து மேஜை அக்காவுடையது. எல்லார் மேஜைக் கண்ணாடிக்கு அடியிலும் சாமி படம், பிள்ளைகள் போட்டோ. அக்கா மேஜையில் மட்டும் ஓடுகிற இரண்டு கால்கள். இடுப்புக்கு மேல் எதுவும் இல்லை.

"யார் காலுக்கா இது?"

"என்னுதுதான். மேல் பாதி எங்க வீட்டு ஹால்ல தொங்குது."

மாமியார் செய்த வேலை. வெள்ளி வாங்கிய ஓட்டத்தின் போட்டோ அது. மருமகளின் தொடை தெரிகிறது என்று கத்தரிக்கோலால் வெட்டி, முகத்தை மட்டும் ஃப்ரேம் போட்டு மாட்டிவிட்டார். குப்பைக்கூடையிலிருந்து கீழ்ப்பாதியை எடுத்து அக்கா ஆபீசுக்குக் கொண்டு வந்துவிட்டார்.

"மெடல் வாங்கிக் குடுத்தது இதுதானே சுதா... மூஞ்சியா ஓடுச்சு?"

எங்கள் ஸ்போர்ட்ஸ் டேயில் லேடீஸுக்கு என்று இருந்தது லெமன் ஸ்பூனும் மியூசிக்கல் சேரும்தான். ஒரு வருஷம் அக்கா ஸ்பூனைக் கையில் கொடுத்த ஆபீசரிடமே திருப்பிக் கொடுத்தார். "நக்கோ சார், வேணாம். நீங்களே வச்சுக்கோங்க."

நேராகப் போய் ஆண்கள் ஓடுகிற வரிசையில் நின்றார். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, நாற்பது வயதில். ஆறு பேரில் மூன்றாவது. பின்னால் வந்த மூன்று பேரும் ஒரு வாரம் கேன்டீன் பக்கமே வரவில்லை.

அடுத்த வருஷம் பெண்களுக்கும் ஓட்டம் வைத்தார்கள். நான் கடைசியாக வந்தேன். மூச்சு வாங்கிக்கொண்டு நின்றவளிடம் அக்கா சொன்னது, "நல்லாவே ஓடல. வா, டீ குடிக்கலாம்."

ரிட்டையர் ஆன அன்று கண்ணாடியைத் தூக்கி அந்தப் பாதியை என்னிடம் கொடுத்தார். "வீட்டுக்குக் கொண்டு போனா மறுபடியும் குப்பைக்குத்தான் போகும். நீ வச்சுக்கோ. நான் போற அன்னிக்கு எடுத்துட்டு வா."

எடுத்துக்கொண்டு போனேன்.

ஹப்சிகுடா வீட்டில், அக்காவின் தலைமாட்டில் அந்த மேல் பாதியைத்தான் மாலை போட்டு வைத்திருந்தார்கள். நான் பையிலிருந்து எடுத்ததும் அக்காவின் கொழுந்தனார் ஓடி வந்தார்.

"இந்த நேரத்துல இதெல்லாம் எதுக்கும்மா? நாலு பேர் வர்ற இடம்."

"நாலு பேர் பாக்கட்டும்னுதான் சார் கொண்டு வந்தேன்."

நான் நகரவில்லை. அக்கா பக்கத்து மேஜையில் இத்தனை வருஷம் உட்கார்ந்தவளுக்கு, யாரோ சொன்னதும் ஒதுங்கிப் போகிற வயதெல்லாம் போய்விட்டது.

அக்காவின் மகன் எழுந்து வந்தான். என் கையிலிருந்ததை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தான். "ஆன்ட்டி... இது மம்மியா? ஐ நெவர் சா திஸ்."

பிறந்ததிலிருந்து பாதி அம்மாவைப் பார்த்தே வளர்ந்திருக்கிறான்.

சித்தப்பாவை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போய் டேப் எடுத்து வந்தான். ஃப்ரேமுக்கு வெளியே, கீழே, ஓரத்தோடு ஓரம் சேர்த்து ஒட்டினான். மாலை நீளம்... தொங்கி அந்தக் கால்களை மறைத்தது. அவனே அதை மேலே தூக்கிக் கட்டினான்.

வந்தவர்கள் எல்லாரும் பார்த்தார்கள்.

ஓடுங்க அக்கா.