கார்க் கதவும் இரண்டு அரைப் பொட்டும்

தேயிலைத் தோட்டத்து லயத்தில், ஒற்றை அறைக் காம்பராவில் பிறந்து, ஐந்தாம் வகுப்பைக் கூட முழுசாக முடிக்காத நான் கட்டியவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். மடுல்சீமையில், அப்போது லொறி ஏறாத பாதையில், மணலைத் தலையில் சுமந்து நாலு அறை வீடு கட்டினேன். ஊற்றிலிருந்து குழாய் போட்டு அடுப்படிக்கே தண்ணீர் கொண்டுவந்தேன். பதுளை டவுனில் மரக்கறிக் கடை வைத்தேன். இனி ஓடாது என்று ஊரே கைவிட்ட காரை வாங்கி, இருபது வருடமாக ஓட்டுகிறேன். எதையும் யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

அந்தக் காரில்தான் என் மகள் கல்யாணத்துக்குப் போக வேண்டும் என்று ஆசைப்பட்டேன். முந்தின நாள் காலையில் பார்த்தால், அவள் ஏற வேண்டிய பின்கதவு தொங்குகிறது. முழங்காலால் இடித்தால்தான் பூட்டும்.

"கூறச்சேலையக் கட்டிக்கிட்டு நான் கதவ ஒதைக்கவா, அப்பா? பேசாம வேன் புடிச்சிருவோம்," என்றாள் மகள்.

"சாயங்காலம் வரைக்கும் பொறு தாயி. அதுக்குள்ள கதவு சரிவரலேன்னா வேன்லயே போ," என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

நோய் எனக்குத் தெரியும். கதவைத் தாங்கும் கீலான பிணைச்சலின் ஊசி தேய்ந்து, அது நிற்கும் துளை கோழிமுட்டை மாதிரி நீண்டிருந்தது. பிணைச்சல் துளி இடம் மாறினாலும் கதவு உட்காராது. அதனால் அதைச் சுற்றி பள்ளிக்கூட வெண்கட்டியால் கோடு போட்டுக்கொண்டு கதவைக் கழற்றினேன். துருவைச் சுரண்டினதில் பழைய தடம் போய்விட்டது. போகட்டும், கோடு இருக்கிறதே! பித்தளைக் குழாயை அறுத்து, அராவி, துளைக்குள் இறுக்கினேன். புது ஊசிக்குப் பதுளைக்குப் போய்த் திரும்பினால், கார் கழுவித் துடைத்துப் பளபளவென்று நிற்கிறது. கோட்டைக் காணோம்.

"ஏ புள்ள, கோடு எங்க?"

"கல்யாண வண்டிங்க. கிறுக்கிக் கெடந்தா சம்பந்தி வீட்டுல என்ன சொல்லுவாங்க?" என்றாள் என் மனைவி, கையில் ஈரத்துணியோடு.

கதவின் அடியில் ஜாக்கி வைத்து, மேலே உருளைக்கிழங்குச் சாக்கை மடித்துப் போட்டு, நாலு தடவை மாட்டினேன். மேலே உரசியது. கீழே விரல் நுழைந்தது. நமுனுகுல மலைப் பக்கம் வெயில் சாயத் தொடங்கியது. மனைவி படியில் உட்கார்ந்து சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்து, திருகின போல்ட்டைக் கீழே விட்டேன்.

மகள்தான் கண்டுபிடித்தாள். கதவின் ஓரத்தில் அரை வட்டமாக ஒரு சிவப்புக் கறை. அதை ஒட்டி, காரின் உடம்பில் இன்னொரு அரை வட்டம். ஆயுத பூசைக்கு ஆயுத பூசை, ஓடும்போது கதவு திறந்துகொள்ளக் கூடாதென்று, மூடிய கதவின் இடுக்கின் மேலேயே என் மனைவி சந்தனமும் குங்குமமும் வைப்பாள். எல்லாரும் நெற்றியில் வைப்பதுபோல முன்பக்கம் வை என்று நான் எத்தனையோ தடவை திட்டியிருக்கிறேன். இருபது வருடக் குங்குமம், எந்தத் துணிக்கும் போகாமல் பெயின்ட்டில் ஊறியிருந்தது.

"ஒசத்துங்க... கொஞ்சம் கீழ... ஐயோ, ரொம்ப கீழ! இப்ப, இப்ப! பொட்டு வட்டமாயிருச்சுப்பா!"

மூச்சைப் பிடித்துக்கொண்டு போல்ட்டை முறுக்கினேன். ஒரு விரலால் தள்ளினேன். 'டப்'.

மூவரும் குதித்தோம். மகள் ஏறினாள், இறங்கினாள், கதவைச் சாத்தினாள். மனைவி ஏறினாள், இறங்கினாள், சாத்தினாள். "போதும், மறுபடியும் தேஞ்சிரும்!" என்று கத்திக்கொண்டே நானும் சாத்தினேன். வேன் பேச்சை அதற்குப் பிறகு யாரும் எடுக்கவில்லை.

மறுநாள் என் மகள் மகாராணி மாதிரி அதில்தான் போனாள். ஆனால் கோயில் வாசலில் என் மனைவி வந்தவர்களிடமெல்லாம், "என் பொட்டாலதாங்க கதவு பூட்டுச்சு," என்றாள். "கோட்ட அழிச்சவளும் நீதானே!" என்றேன். நாதஸ்வரச் சத்தத்தில் அது யார் காதிலும் விழவில்லை.

இப்போது கல்யாண ஆல்பத்தில், மகள் காரில் ஏறும் படத்துக்குக் கீழே, 'அம்மாவின் பொட்டு காப்பாற்றிய கார்' என்று அவளே எழுதி வைத்திருக்கிறாள். பொட்டு இடத்தைக் காட்டியது, ஒத்துக்கொள்கிறேன். பொட்டு அராவுமா? ஜாக்கி தூக்குமா? போல்ட் முறுக்குமா? அந்த வரிக்குக் கீழே, அதே அளவு எழுத்தில், 'பிணைச்சலைச் சரிசெய்து கதவை மாட்டியவர் அப்பா' என்று எழுத வேண்டும். பேனா நானே தருகிறேன்.