ஹல்வார் தேடிய ஓட்டை

கடலுக்குள் இனித் தலையை விடக் கூடாது என்று ஹல்வாருக்கு டாக்டர் சொன்னபோது அவனுக்கு மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை. காதுச் சவ்வு கிழிந்துபோயிருந்தது. வேறொருவனாக இருந்தால் அதற்கப்புறம் முக்குளிப்பவர்கள் இருக்கும் திசையிலேயே தலைவைத்துப் படுத்திருக்க மாட்டான். இவன் என்னடாவென்றால், நார்வேயின் அந்த வடகரையிலேயே பேர்போன முக்குளிப்புக்காரியைத் தேடிப்போய்க் கட்டிக்கொண்டான். அவள் பெயர் இங்குன். அவள் தண்ணீருக்குள்ளே, இவன் தண்ணீருக்கு மேலே. இருபது வருஷத்துக்கு மேல் அவர்கள் குடித்தனம் அப்படித்தான் நடந்தது.

வாரநாளில் ஹல்வார் கார்களை ஏற்றிப்போகும் ஃபெர்ரியில் கயிறு கட்டுகிறவன். இங்குன் தீவுப் பள்ளிக்கூடத்துப் பஸ்ஸை ஓட்டுகிறவள். ஞாயிற்றுக்கிழமை வந்தால் போதும், இருவரும் படகும் கையுமாகக் கிளம்பிவிடுவார்கள். அவள் அடியில் போய் உள்ளங்கை அகலச் சிப்பிகளைப் பொறுக்குவாள். இவன் மேலே படகில் உட்கார்ந்து அவள் விடுகிற காற்றுக்குமிழிகளின் பின்னாலேயே போவான். அதற்கு முன்னால் அவனுக்கு ஒரு முக்கியமான வேலை உண்டு. உடம்பில் தண்ணீர் படாமல் கழுத்துவரை மூடுகிற அவளுடைய டிரை சூட்டுக்கு ஜிப் முதுகில். தோளுக்குத் தோள் குறுக்காக ஓடும் பித்தளை ஜிப். அதைப் போட்டுக்கொள்கிறவர் தானே சாத்த முடியாது. ஒரு கை துணியை இறுக்கிப் பிடிக்க வேண்டும், இன்னொரு கை இழுக்க வேண்டும். கடைசி அரை விரல் நீளம் இருக்கிறதே, அது சாமானியத்தில் நகராது. அதை விட்டுவிட்டால் பனிக்கட்டித் தண்ணீர் முதுகுவழியே இறங்கி ஆளை விறைக்க வைத்துவிடும். இருபது வருஷத்தில் ஹல்வார் ஒருநாளும் அதை விட்டதில்லை. அதில் அவனுக்கு ஒரு கர்வமே இருந்தது.

பிறகு ஒருநாள் காலையில், காபி ஊற்றிக்கொண்டிருந்தவன் அப்படியே சரிந்தான். பக்கவாதம். பேச்சு திரும்பியது, கால் திரும்பியது. வலதுகை மட்டும் திரும்பவில்லை.

பக்கத்து வீட்டு ரோல்ஃபை ஒரு தடவை ஜிப் போடச் சொல்லி இங்குன் கடலில் இறங்கினாள். ரோல்ஃப் நல்லவன்தான், ஆனால் அந்தக் கடைசி அரை விரலைக் கோட்டை விட்டான். பல் கிடுகிடுக்க அவள் கரையேறியதை ஹல்வார் சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தான். அதோடு சரி, அவள் சூட்டைத் தொடவில்லை.

"சிப்பி தின்னு தின்னு அலுத்துப்போச்சு, விடு," என்றாள்.

பச்சைப் பொய். கடல் வற்றுகிற நேரமெல்லாம் அவள் பாத்திரம் கழுவுகிற சாக்கில் அந்த ஜன்னலிலேயே நின்றாள். கழுவின பாத்திரத்தையே திரும்பக் கழுவினாள். கட்டினவனுக்கு இது தெரியாதா?

இரண்டு குளிர்காலம் இப்படியே போனது. மார்ச் மாதத்தில் ஒருநாள் இங்குன் செல்போனை அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள். பழைய டிரை சூட் விற்பனைக்கு. அக்கரையில் ரொட்டிக்கடை வைத்திருக்கும் ஸ்வெர்ரே என்பவர் போட்டிருந்தார். 'அதிகம் பயன்படுத்தாதது. அலமாரியில் தொங்கியே சுருங்கிவிட்டது' என்று எழுதியிருந்தது. முக்குளிப்பவர்கள் தொப்பை போட்டால் சொல்கிற சாக்கு அது.

"ஜிப்ப பாத்தியா?" என்று கேட்டாள்.

பார்த்தான். ஜிப் முன்பக்கம் இருந்தது. இடது தோளிலிருந்து இடுப்புவரை சாய்வாக ஓடியது. யார் துணையும் இல்லாமல் போட்டுக்கொள்ளலாம்.

"நல்லாத்தான் இருக்கு," என்றான் ஹல்வார்.

"நீ வந்து பாத்துச் சொல்லணும். நீ சரின்னாதான் வாங்குவேன். சூட்டப்பத்தி ஒனக்குத் தெரிஞ்சது எனக்குத் தெரியாது."

மறுநாள் இருவரும் காரோடு ஃபெர்ரியில் ஏறினார்கள். கேவலமான நினைப்புதான், ஆனாலும் அவனுக்கு ஓடியது அதுதான்: இது நல்ல சூட்டாக இருந்துவிட்டால் நான் எதற்கு? அவள் பாட்டுக்கு மாட்டிக்கொண்டு, நகரத்து முக்குளிப்புச் சங்கத்துப் பெண்களோடு போய்விடுவாள். நான் ஜன்னலில் நின்று பாத்திரம் கழுவ வேண்டியதுதான், அதுவும் ஒற்றைக் கையால். ஓட்டை இருக்க வேண்டும். ஒரு சின்ன ஓட்டையாவது இருக்க வேண்டும்.

ஸ்வெர்ரே துறையிலேயே நின்று கையாட்டினார். அலமாரிமேல் பழிபோட்டது எவ்வளவு அநியாயம் என்று பார்த்தவுடனே தெரிந்தது. தன் கடை ரொட்டியைத் தானே தின்று வளர்த்த உடம்பு.

"சிரிக்காதீங்க," என்றார் அவரே. "வாங்கினப்போ நான் ஓமக்குச்சி. இங்குன், ஒங்க ஒசரத்துக்கு அளவெடுத்துத் தச்ச மாதிரி இருக்கும் பாருங்க."

படகுக் கொட்டகைக்குள் சூட்டை மேஜைமேல் விரித்தார்கள். ஹல்வார் வேலையில் இறங்கினான். மணிக்கட்டு ரப்பரை இழுத்துப் பார்த்தான், ஒட்டவில்லை, வெடிக்கவில்லை. கழுத்து ரப்பரை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தான். பவுடர் போட்டுப் பத்திரமாக வைத்திருந்தார் மனுஷன். ஜிப்பின் ஒவ்வொரு பல்லையும் இடதுகைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே போனான். ஒரு பல்கூட வளையவில்லை.

"காத்தடிச்சுப் பாக்கணும்," என்றான்.

"அடிங்க, அடிங்க," என்றார் ஸ்வெர்ரே.

இரண்டு கைத்துளையிலும் பாட்டிலைச் செருகி, கழுத்தில் ஒரு கிண்ணத்தை வைத்துக் கட்டி, சூட்டுக்குள் காற்றை ஏற்றினார்கள். அது தலையில்லாத குண்டு மனிதனாக எழுந்து உட்கார்ந்தது.

"அட, அப்படியே நான்தான்!" என்று ஸ்வெர்ரே தொப்பையைத் தட்டிக்கொண்டார். இங்குன் விழுந்து விழுந்து சிரித்தாள். ஹல்வாருக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. சோப்புத் தண்ணீரைத் தையல் தையலாகத் தடவி, கண்ணை ஒட்டவைத்துக்கொண்டு பார்த்தான். எங்கேயாவது ஒரு நுரை கிளம்பாதா? கக்கத்தில் பார்த்தான், கவட்டில் பார்த்தான், குதிகாலில் பார்த்தான். ஒன்றும் கிளம்பவில்லை.

"யோவ், சூட்ட வாங்க வந்தியா, பிரேதப் பரிசோதனை பண்ண வந்தியா?" என்றாள் இங்குன்.

"தண்ணில எறங்கிப் பாத்தாதான் தெரியும்," என்றான் அவன், முகத்தைத் திருப்பிக்கொண்டு.

அவள் அதற்கென்றே காற்றுச் சிலிண்டரைக் காரில் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். கம்பளி உள்ளாடையை மாட்டினாள், சூட்டுக்குள் நுழைந்தாள், தானே ஜிப்பைப் பிடித்துச் சர்ரென்று இழுத்தாள். அவ்வளவுதான், சாத்தியாகிவிட்டது. ஹல்வாரின் இடதுகை தன்னையறியாமல் கொஞ்சம் உயர்ந்தது, உயர்ந்தபடியே நின்றது. அதை யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து அவன் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டான்.

அவள் துறைப் படியில் இறங்கி மறைந்தாள். ஸ்வெர்ரே காபியும், பழுப்புச் சீஸ் வைத்த வாஃபிளும் கொண்டுவந்து கொடுத்தார். ஹல்வார் ஒரு மீன்பெட்டியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்து குமிழியையே பார்த்துக்கொண்டிருந்தான். காபி ஆறிப்போனது.

"ரொம்ப நேரமாச்சே, பயமில்லையே?" என்றார் ஸ்வெர்ரே.

"குமிழி சீராத்தானே வருது. அவ சந்தோஷமா இருந்தா இப்படித்தான் வரும்," என்றான் ஹல்வார். சொன்னபிறகுதான் தான் சொன்னது அவனுக்கே உறைத்தது.

இங்குன் படியேறி வந்தபோது பேச்சு நிற்கவேயில்லை. அடியில் மணல் எப்படி வெள்ளையாகக் கிடக்கிறது, நண்டு எப்படி முறைத்தது, கால் எப்படிச் சில்லிடவே இல்லை... சிவந்துபோன முகத்தில் கண் இரண்டும் மின்னின. இப்படி ஒரு முகத்தை அவன் பார்த்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. சூட்டை உரித்தாள். உள்ளாடை காய்ந்து கிடந்தது. இடதுகைப் பக்கம் மட்டும் மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை சொதசொதவென்று நனைந்திருந்தது.

ஸ்வெர்ரேயின் முகம் விழுந்துவிட்டது. "ஐயையோ, சத்தியமா எனக்குத் தெரியாது. ஒழுகுதா?"

இங்குன் ஸ்வெர்ரேயைப் பார்க்கவில்லை. ஹல்வாரைப் பார்த்தாள்.

இதோ, காலையிலிருந்து தேடின ஓட்டை கைக்கே வந்துவிட்டது. 'ஆமாம், ஒழுகுகிறது, வா போகலாம்' என்று சொன்னால் போதும். அவள் மறுபேச்சுப் பேச மாட்டாள். அவன் வாயைத் திறந்தான். அவள் ஈரக்கையைத் துடைத்தபடி, பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கிறவள் போல நின்றாள். பாவி மகள், அப்படியா பார்ப்பாள்!

"கீழ இடதுகையில என்ன வச்சிருந்த?" என்று கேட்டான் ஹல்வார்.

"ஒண்ணுமில்லையே."

"இங்குன்."

அவள் நாக்கைக் கடித்துக்கொண்டு இடுப்புப் பையிலிருந்து எடுத்துக் காட்டினாள். இரண்டு சிப்பிகள். சும்மா பார்க்க இறங்கினவளுக்கு விட்டுவர மனசு வரவில்லை. பையில் போடவும் தோன்றாமல் மேலே ஏறுகிறவரை கையிலேயே இறுக்கிப் பிடித்திருந்து, அப்புறம்தான் பையில் ஒளித்திருக்கிறாள்.

"பாத்தீங்களா?" என்றான் ஸ்வெர்ரேயிடம். "எதையாவது இறுக்கிப் பிடிச்சா மணிக்கட்டு நரம்பு எழும்பும். நரம்புக்கும் ரப்பருக்கும் நடுவுல தண்ணி நுழைஞ்சிரும். சூட்டுல ஒரு கோளாறும் இல்ல. கோளாறெல்லாம் இவ பேராசையிலதான்."

ஸ்வெர்ரே மூச்சை விட்டு உட்கார்ந்தார். இங்குன் அந்த இடத்திலேயே பணத்தை அனுப்பிவிட்டாள். ஒரு பை நிறைய இலவங்கப்பட்டை ரொட்டியும் சும்மா கிடைத்தது.

திரும்பும் ஃபெர்ரியில் காரைவிட்டு இறங்காமல் இருவரும் ரொட்டியைப் பிய்த்துத் தின்றார்கள். சூட் பின்சீட்டில் படுத்திருந்தது.

"ஞாயித்துக்கெழமைக்குள்ள படக எறக்கணும். மோட்டாருக்கு எண்ண போட்டு வை," என்றாள் இங்குன், வாய் நிறைய ரொட்டியோடு.

"யாரு ஓட்டுறது?"

"யாரு ஓட்டுவா? எம் பின்னாடி வர்றதுக்கு வேற ஆள் வச்சிருக்கேனா?"

"ஒத்தக் கையால..."

"மோட்டார்ப் பிடியப் பிடிக்க எத்தன கை வேணும் ஒனக்கு? இத்தன வருஷமும் ஒரு கையில காபிக் கோப்பைதானே இருந்துச்சு!"

ஹல்வார் இன்னொரு ரொட்டியைக் கையில் எடுத்தான். அவள் விரலில் ஒட்டியிருந்த சர்க்கரையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்.

"இன்னைக்கு பூரா எனக்கு ஒரே பயம், தெரியுமா?"

"சூட்டு கெட்டதா இருந்துருமோன்னா?"

"அது இல்ல. நான் ஆசப்படுறேன்னு பாவம் பாத்து, ஒழுகுற சூட்ட நல்லாருக்குன்னு சொல்லிருவியோன்னு. என் மூஞ்சியப் பாத்தா நீ எளகிருவ, எனக்குத் தெரியும். அவ்வளவு நல்லவன் நீ."

ஹல்வார் கையிலிருந்த ரொட்டியைக் கீழே வைத்தான். இதை விழுங்கிவிட்டுப் பேசாமல் இருக்கலாம்தான். அவனால் முடியவில்லை.

"இங்குன், நான் காலையிலேர்ந்து ஓட்டையத்தான் தேடினேன். ஓட்ட இருக்கணும்னு வேண்டிக்கிட்டுத் தேடினேன். ஒன் கை நனைஞ்சிருந்துச்சே, அப்ப ஒழுகுதுன்னு சொல்லத்தான் வாயெடுத்தேன்."

அவள் திரும்பி அவனைப் பார்த்தாள். ஃபெர்ரி தீவை நெருங்கிவிட்டது, முன்னால் நின்ற கார்கள் ஒவ்வொன்றாக உறுமத் தொடங்கின.

"சொல்லலையே," என்றாள்.