காப்பிப் பதத்தில் வறுத்த நிலக்கரி

எண்பதுகளில் ஏற்காட்டில் ஒரு பெண்கள் விடுதிக்கு நான் வார்டன். பகலில் பள்ளியில் கெமிஸ்ட்ரி டீச்சர். விடுதிக்குத் தண்ணீர் ஓடையிலிருந்து வரும். காப்பிப் பழம் உரிக்கும் மாதங்களில் மேலே இருக்கும் எஸ்டேட்டுகள் கழுவிவிடுவதெல்லாம் அதில் கலந்து, தண்ணீர் பழுப்பாகிப் புளித்து நாறும். காய்ச்சினாலும் போகாது. ஒரு வருஷம் வந்த சுகாதார அதிகாரி ஒரு டம்ளரை முகர்ந்து பார்த்துவிட்டு, "திங்கக்கிழமை மறுபடி வருவேன். இப்படியே இருந்தா விடுதியை மூட வேண்டியதுதான்" என்று சொல்லிப் போய்விட்டார். மூடினால் மாரமங்கலம் பக்கத்து மலைக்கிராமப் பிள்ளைகளில் பாதிப் பேர் திரும்ப வரமாட்டார்கள். கல்யாணம் பண்ணிவைத்துவிடுவார்கள்.

கடையில் விற்கும் ஆக்டிவேட்டட் கார்பன் எங்களுக்குக் கட்டுப்படியாகாது. நிலக்கரியிலேயே அதைச் செய்யலாம் என்று படித்திருந்தேன். மிளகளவு உடைத்து, மூடிய உருளையில் செக்கச் சிவக்கக் காய்ச்சி, நீராவி விட்டால், கரியில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் விழும். நிறமும் நாற்றமும் அதில் ஒட்டிக்கொள்ளும். கொல்லுப்பட்டறையில் இரண்டு மூட்டை நிலக்கரி கிடைத்தது. உருளைக்கு, ஒண்டிக்கடைப் பகுதியில் காப்பிக்கொட்டை வறுத்து விற்கும் பாயிடம் போனேன். பழைய உருளையைத் தந்ததோடு அவரும் கூடவே வந்துவிட்டார்.

"நீங்க வறுத்தா கருக விட்டுருவீங்க டீச்சர்."

"கருகத்தானே வேணும் பாய்!"

சனிக்கிழமை காலை முதல் மூட்டையை ஏற்றினோம். கரி சிவந்தது, நீராவியும் விட்டாயிற்று. நீராவிக்காக அடுப்பில் வைத்திருந்த கெட்டிலை இறக்க நான் திரும்பினேன். அதற்குள் பாய், "பதம் வந்துருச்சுங்க!" என்று உருளையைத் திறந்து, காப்பிக்கொட்டையை ஆற்றுவதுபோல் எல்லாவற்றையும் தகரத்தில் கொட்டிக் கிளறி விசிற ஆரம்பித்தார். காற்றுப் பட்டதும் கரி குப்பென்று பற்றிக்கொண்டது. தண்ணீர் கொண்டுவருவதற்குள் பெரும்பாலும் சாம்பல்.

"என்ன பாய் பண்ணிட்டீங்க! எல்லாம் பாழாப் போச்சே!" என்று தெருவே கேட்கக் கத்தினேன்.

"ஆத்தலீன்னா உள்சூட்டுல தீஞ்சிருமேன்னுதானுங்க..." அவர் முகம் சுருங்கிவிட்டது.

மூடியபடியே ஆறவேண்டும் என்று நான் சொல்லவே இல்லை. தப்பு என்னுடையது. அன்றைக்கு அதை ஒப்புக்கொள்ள வாய் வரவில்லை.

மிச்சம் ஒரே மூட்டை. இந்தத் தடவை நீராவி விட்டதும் பாய் மூடியைச் சுற்றிக் களிமண் அப்பினார். "நாளைக்கு மத்தியானம் வரைக்கும் யாரும் தொடக்கூடாதுங்க. நானுந்தான்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

ஞாயிறு மத்தியானம் திறந்தோம். கரி முழுசாக இருந்தது. கறுப்புத் தண்ணீர் வருவது நிற்கும்வரை கழுவி, பீப்பாயில் கூழாங்கல், மணல் போட்டு மேலே அதைப் பரப்பினோம். ஓடைத் தண்ணீரை ஊற்றினால், பீப்பாயின் அடியில் வைத்த குழாயில் தெளிவாக வந்தது. பாய் முகர்ந்தார். "ஏனுங்க டீச்சர், ஒரு வாசனையுமே இல்லீங்களே?" காப்பிக்காரருக்கு அது குறையாகப் பட்டிருக்க வேண்டும். நானோ அப்பாடா என்று தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

திங்கட்கிழமை அதிகாரி, வடிகட்டிக் காய்ச்சி ஆறவைத்த தண்ணீரை முகர்ந்தார். குடித்தார். "இது எந்த ஊத்துத் தண்ணி?"

"அதே ஓடைதாங்க."

இன்னொரு டம்ளர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு, "சரி, நடத்துங்க" என்று ஜீப்பில் ஏறினார்.

கதவுக்குப் பின்னால் ஒட்டுக்கேட்ட பிள்ளைகள் ஓவென்று கத்தினார்கள். மாரமங்கலத்துப் பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி மட்டும் கத்தவில்லை. என் பக்கத்தில் வந்து, "டீச்சர், அப்ப நான் பரீட்சை எழுதலாமுங்களா?" என்று கேட்டாள்.

"எழுது கண்ணு" என்று சொல்வதற்குள் எனக்கு அழுகை வந்துவிட்டது.