பித்தப்பைக் கல் என்று சொன்னோம்

மார்பகப் புற்றுநோய்க்கு எனக்கு ஒப்பரேசன் நடந்தபோது, "மகளுக்குக் கலியாணம் பேசுற நேரம், ஒருத்தருக்கும் சொல்லாதையும்" என்று என் கணவர் கட்டளை போட்டார். வெள்ளவத்தையில் எங்கள் ஃபிளாட் முழுவதற்கும் அது பித்தப்பைக் கல் ஆனது.

அதன் பிறகு நான் பட்ட எரிச்சல் கொஞ்சமல்ல. இடது கையால் பாரம் தூக்கக் கூடாது என்பது டொக்டரின் உத்தரவு. மரக்கறிப் பையோடு லிஃப்ட் வாசலில் நான் தடுமாறும்போதெல்லாம் மேல்மாடி ராணி அக்கா, "ஒரு பித்தப்பைக் கல்லுக்கு இவ்வளவு செல்லமோ?" என்று சிரிப்பார். நானும் பல்லைக் கடித்துக்கொண்டு சிரிப்பேன்.

போன மாதம் பரிசோதனைக்காகப் பொரளை புற்றுநோய்க் கிளினிக்குக்குப் போனேன். நோயாளர் காத்திருக்கும் வாங்கில் ராணி அக்கா இருந்தார்.

"சொந்தக்கார ஆளொண்டைப் பார்க்க வந்தனான்," என்றார் அவசரமாக.

"நானும்தான் அக்கா."

நர்ஸ் முதலில் அவர் பெயரைக் கூப்பிட்டார். பிறகு என் பெயரை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தோம். எனக்குப் பொறுக்கவில்லை.

"உங்களுக்கும் இதே வருத்தம். பிறகேன் அக்கா என்னைப் பகிடி பண்ணினீங்கள்?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "நீர் வெறும் கல் எண்டீர். எனக்குப் பொறாமையா இருந்தது."

எங்கள் தரிப்பிடம் வந்தது. "நீர் இறங்கும். நான் அடுத்ததில இறங்கி நடந்து வாறன். ஒண்டா வந்தா ஆக்கள் கேப்பினம்," என்றார்.

ஒரு வார்த்தை மறுத்துச் சொல்லாமல் நான் இறங்கிவிட்டேன். என்மேல் எனக்கு வந்த அந்தக் கோபம்தான் இன்னும் ஆறவில்லை.