மாமா அனுப்பிய தேன்

எங்கள் வீட்டில் தேனை யாரும் நினைத்தபடி எடுத்து நக்கிவிட முடியாது. சீனிக்கும் ஜாமுக்கும் இல்லாத மரியாதை அதற்கு இருந்தது. மொன்றியலின் செயின்ட்-மிஷேலில் நாங்கள் குடியிருந்த மாடிவீட்டின் சமையலறை அலுமாரியில், மாதா படத்துக்குப் பக்கத்தில், கழுத்தில் துணி சுற்றிய பழைய சாராயப் போத்தல் ஒன்று நிற்கும். அதுதான் மாமாவின் தேன். இருமல் வந்தால் எனக்கு ஒரு கரண்டி, பள்ளிக்கூடத்தில் சோதனை என்றால் அரைக் கரண்டி. அம்மாவுக்கு ஊர் ஞாபகம் வந்தால் எத்தனை கரண்டி என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள்.

மாமா அம்மாவின் ஒரே தம்பி. யாழ்ப்பாணத்துக்கு அப்பால் கடலுக்குள் கிடந்த ஒரு தீவில் இருந்தார். அம்மாவுக்கு உலகத்தில் தீவு அது ஒன்றுதான். மொன்றியலும் தீவுதான் என்று மிஸ் சொல்லித்தந்ததை நான் வீட்டில் வந்து சொன்னபோது, "விசர்க் கதை கதைக்காதை. கடலையே காணேல்லை, இது என்ன தீவு?" என்று என்னைத் துரத்திவிட்டார்.

அங்கே மாமா கள்ளு முட்டிகளில் தேனீ வளர்த்தார். முட்டியைப் படுக்கவைத்து, வாயை மண்ணால் பூசி, சின்னதாக ஒரு துளை மட்டும் விட்டு வேப்பமரக் கவட்டில் கட்டிவிடுவாராம். பூக்காலம் முடிய, தேங்காய்ப் பொச்சைக் கொளுத்திப் புகை காட்டி அடையை எடுத்துக் கையாலேயே பிழிவார். காய்ச்சுவதும் இல்லை, துணியில் வடிப்பதும் இல்லை. போத்தலில் மெழுகுத் துண்டு மிதக்கும்; அதிர்ஷ்டம் இருந்தால் தேனீயின் கால் ஒன்றும் மிதக்கும். சின்ன வயதில் மாமா மரத்தில் ஏற, அந்தப் புகையைப் பிடித்துக்கொண்டு மரத்தடியில் நின்றவர் அம்மாதான். கொட்டு வாங்கிய கதையைக் கரண்டிக்கு ஒரு தடவை சொல்லுவார்.

மாமாவுக்குக் கடிதம் எழுதும் பழக்கம் இல்லை. தீவில் டெலிபோனும் இல்லை. சண்டைக் காலம் அது. அந்தப் பக்கத்திலிருந்து யாராவது கனடா வந்தால், சாரத்துணியில் சுற்றிய போத்தல் ஒன்று அவர்கள் பெட்டிக்குள் வரும். தேன் வந்தால் ஆள் உயிரோடு இருக்கிறார், அவ்வளவுதான் செய்தி. அம்மா மூடியைத் திறக்கும்போது 'புஸ்' என்று காற்று வரும். அதை மணந்து பார்த்து, "இருக்கிறான்" என்று சொல்லிவிட்டுத்தான் வந்தவருக்குத் தேத்தண்ணி போடப் போவார்.

எனக்கு ஏழு வயதாக இருந்தபோது மாமா போன படகு கரைக்கு வரவில்லை. செய்தி அப்பாவுக்கு, அவர் வேலைசெய்யும் இடத்து டெலிபோனில் வந்தது. அம்மா அப்போது என் தம்பியை வயிற்றில் வைத்துக்கொண்டு கட்டிலோடு கிடந்தார். அதற்கு முதல் ஒரு பிள்ளை தங்கவில்லை என்பதால் அசையவே கூடாது என்று டொக்டர் சொல்லியிருந்தார். அப்பாவும் அவருடைய அண்ணனான என் பெரியப்பாவும் வெளிப் படிக்கட்டில் நின்று கதைத்து, பிள்ளை பிறக்கட்டும், பேந்து சொல்லுவம் என்று முடிவெடுத்தார்கள். பிள்ளை பிறந்தது. பால்குடிப் பிள்ளை, பேந்து சொல்லுவம். ஞானஸ்நானம் முடியட்டும், பேந்து சொல்லுவம். நத்தார்ப் பண்டிகை போகட்டும். வீட்டில் ஒன்று மாறி ஒன்று நல்ல காரியமாகவே வந்துகொண்டிருந்தால் ஒரு மனுசன் கெட்ட செய்தியை எப்போதுதான் சொல்வது? இதெல்லாம் நான் வளர்ந்தபிறகு அப்பா சொல்லித் தெரிந்தது. அந்தக் காலத்தில் எனக்குத் தெரிந்தது போத்தல் அடிதட்டுகிறது என்பதும், புதுத் தேன் வரவில்லையே என்று அம்மா சாப்பாட்டுக் கோப்பையில் கை வைத்தபடியே இருந்துவிடுகிறார் என்பதும்தான்.

தந்திரம் பெரியப்பாவினுடையது. அவர் துறைமுகத்திலிருந்து கொன்ரெயினர் ஏற்றும் லொறி ஓட்டினார். மலை போன்ற உடம்பு; பொய் சொன்னால் காது சிவந்துவிடும். அப்படிப்பட்டவர்தான் தந்திரம் செய்யப் புறப்பட்டார். ஒரு கோடைக்காலத்துச் சனிக்கிழமை ஐஸ்கிறீம் வாங்கித் தருவதாகச் சொல்லி என்னைக் காரில் ஏற்றிக்கொண்டு நகரத்துக்கு வெளியே இல்-பிசார் என்ற இடத்துக்குப் போனார். அங்கே ஒரு வீட்டு வளவில் வெள்ளைப் பெட்டிகளில் தேனீ வளர்த்தார்கள். வீட்டுக்காரர் முகத்துக்கு வலைத் தொப்பி போட்டிருந்தார். பெரியப்பாவின் பிரெஞ்சு 'போன்ஜூர்', 'மெர்சி' இரண்டோடு முடிந்துவிடும். மிச்சத்தைக் கையாலும் கண்ணாலும் கதைத்து, இருந்ததற்குள் கறுப்பான தேனை வாங்கினார். கொஞ்சம் மெழுகு கேட்டார். அதற்கும் பிறகு, நிலத்தில் கிடந்த செத்த தேனீ ஒன்றைக் காட்டி, அதையும் எடுக்கலாமா என்று கேட்டார். அந்த மனிதர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

காருக்குள் வைத்து, அம்மாவின் பழைய போத்தல் ஒன்றில் தேனை ஊற்றிச் மாமாவின் தேன்போல இளகட்டும் என்று பிளாஸ்கிலிருந்து சுடுதண்ணீர் கொஞ்சம் கலந்து குலுக்கினார். மெழுகைப் போட்டார். தேனீயைப் போட்டார்.

"மாமா இந்த முறை கொஞ்சமாத்தான் அனுப்பினவர், குஞ்சு. நிரப்பிக் குடுத்தா அம்மா சந்தோசப்படுவா. ஒருத்தருக்கும் சொல்லப்படாது, என்ன?"

அவருடைய காது சிவந்திருந்தது. வெயில் என்று நினைத்தேன்.

ஊரிலிருந்து வந்த ஆள் ஒருவர் தந்தது என்று சொல்லிப் பெரியப்பா போத்தலை அம்மாவிடம் கொடுத்தார். அம்மா மூடியைத் திறந்தபோது 'புஸ்' வரவில்லை. ஒரு கரண்டி வாயில் விட்டு வெகுநேரம் வைத்திருந்தார். "வேப்பம்பூக் கசப்புக் காணாது" என்றார். "அங்க மழை இல்லையாம்" என்று அப்பா அவசரமாகச் சொன்னார். அம்மா போத்தலைத் துடைத்து மாதா படத்துக்குப் பக்கத்தில் வைத்தார். "இருக்கிறான்" என்று சொல்ல மறந்துவிட்டார்.

தேன் வந்தால் அம்மாவும் ஏதாவது அனுப்பவேண்டும். மாமாவுக்கு ஒரு சேட், ஒரு சாரம், காய்ச்சலுக்குக் கொஞ்சம் பனடோல் குளிசை. பழுப்புத் தாளில் சுற்றிப் பெரியப்பாவிடம் கொடுப்பார், ஊருக்குப் போகும் ஆளிடம் அவர் சேர்ப்பார் என்று. பெரியப்பா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு போவார். அடுத்த வருடமும் அப்படியே ஒரு போத்தல் வந்தது, அப்படியே ஒரு பார்சல் போனது. அம்மாவுக்கு எப்போது தெரியவரும் என்று அந்த இரண்டு ஆண்களும் வயிற்றில் நெருப்போடு திரிந்திருக்கிறார்கள். எனக்கோ, நானும் ஒரு ரகசியத்தில் பங்காளி என்று ஒரே பெருமை.

அந்தக் குளிர்காலத்தில் ஒரு ஞாயிறு, பூசை முடிந்து பெரியப்பாவும் பெரியம்மாவும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். பெரியம்மாவுக்கு மாமாவின் விசயம் தெரியாது. அவரிடம் சொன்னால் கோயிலில் திருப்பலி முடிவதற்குள் எல்லாருக்கும் தெரிந்துவிடும் என்று பெரியப்பா மறைத்துவிட்டார். அன்றைக்குப் பெரியம்மாவுக்குத் தொண்டை கட்டியிருந்தது. அம்மா தேனை எடுத்து வந்தார். போத்தலைச் சரித்தால் மேலே தண்ணீராக ஓடியது. அடியில் கட்டிபட்டுக் கிடந்தது. பெரியம்மா கரண்டிக் காம்பை விட்டுக் கிண்டி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"எடியே, இது தேனில்லை, சீனிப்பாணி! உன்ர தம்பி நல்லா உழைக்கப் பழகிட்டான். சொந்த அக்காவுக்கே சீனி கலந்து அனுப்பியிருக்கிறான், பார்!"

"குளிருக்கு உறைஞ்சிருக்கும்" என்றார் அப்பா.

"குளிருக்குத் தேன் சீனியாகுமே? இவன் கள்ளன்."

அம்மா பெரியம்மாவை எதிர்த்து ஒரு நாளும் கதைத்ததில்லை. அன்றைக்குக் கரண்டியைப் பறித்தார்.

"அவனைக் கள்ளன் எண்டாதேங்கோ அக்கா! என்ர தம்பி தேனில ஒரு துளி தண்ணி விடமாட்டான். இது அவன்ர தேனே இல்லை!"

அப்பா நிலத்தைப் பார்த்தார். பெரியப்பாவின் காது மட்டுமல்ல, கழுத்தெல்லாம் சிவந்துவிட்டது. "பிள்ளை, தம்பியைப் போய்ப் பார்" என்று அப்பா என்னை அறைக்குள் அனுப்பிக் கதவைச் சாத்தினார்.

அதற்குப் பிறகு நடந்ததையும் அப்பாதான் சொன்னார். "உமக்குத் தெரியுமே?" என்று அவர் கேட்டாராம். "முதல் கரண்டியிலயே தெரியும். நீங்கள் ஆரும் வாய் திறக்கேல்லை. நானும் கேக்கேல்லை. கேட்டா அவன் செத்துப்போவான் எண்டு இருந்தனான்" என்று அம்மா சொன்னாராம். பெரியம்மா தன் வாயிலேயே அடித்துக்கொண்டு அழுதாராம். எனக்குக் கதவுக்கு இந்தப் பக்கம் அழுகைச் சத்தம் மட்டும் கேட்டது. தேனுக்காக இவ்வளவு அழுகையா என்று யோசித்தேன்.

யோசித்ததில் எனக்கு எல்லாம் விளங்கியும்விட்டது. போத்தலில் இருந்தது மாமாவின் தேன் இல்லை. அதை நிரப்பியவர் பெரியப்பா, நானே கண்ணால் கண்டேன். அப்படியென்றால் மாமா அனுப்பிய உண்மையான தேனை அவர்தான் குடித்திருக்கிறார். அந்தப் பெரிய உடம்புக்கு ஒரு போத்தல் எந்த மூலைக்குக் காணும்?

கதவைத் திறந்து பார்த்தபோது சாட்சியும் கிடைத்தது. பெரியப்பா கீழே போய், அடுத்த தெருவில் நிறுத்தியிருந்த லொறிக்குள்ளிருந்து அம்மாவின் பார்சல்களைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். ஒன்றுமே பிரிக்கப்படவில்லை. எறிய மனம் வராமல் சீட்டுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு இரண்டு வருடம் ஓடித்திரிந்திருக்கிறார். நான் பார்த்தது அதையல்ல. மாமாவுக்குப் போகவேண்டியதை ஒளித்து வைத்திருந்த ஒரு மனிதரைத்தான் பார்த்தேன். அம்மா தாளைக் கிழித்து, நீலக் கட்டம் போட்ட சேட் ஒன்றை விரித்து மடியில் வைத்துத் தடவினார். பிறகு அதைப் பெரியப்பாவிடம் நீட்டினார்.

"நீங்கள் போடுங்கோ அத்தான். கிடந்து பழுதாப் போகும்."

அடுத்த ஞாயிறு பூசைக்குப் பெரியப்பா அந்தச் சேட்டோடுதான் வந்தார். அவருக்கு அது இறுக்கம். பொத்தான்கள் தெறித்துவிடும்போல இருந்தன. சுவாமியார் யாரோ ஒருவரின் பெயரைச் சொல்லி, அவருடைய ஆத்துமத்துக்காக மன்றாடச் சொன்னார். எனக்கு மாமாவின் பெயர் மாமாதான். வேறு பெயர் அவருக்கு இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. எல்லாரும் முழங்காலில் நின்றார்கள். அம்மா பெரியப்பாவுக்குப் பக்கத்தில் நின்று அந்தச் சேட்டின் கைநுனியைப் பிடித்துக்கொண்டிருந்தார். பெரியப்பா பூசை முடியும்வரை குலுங்கிக் குலுங்கி அழுதார்.

எங்கள் மாமாவின் தேனையும் குடித்து, சேட்டையும் போட்டுக்கொண்டு வந்தவர்தானே, நல்லாய் அழட்டும் என்று நான் நினைத்தேன்.